மூடி

திங்கட்கிழமை காலை ஒன்பது கார்கள்.
ஒன்பதும் ஜப்பான் பெயர் பூண்டவை.
ஒன்பதுக்கும் முன்கண்ணாடி இல்லை.
கணக்கில் ஏற்றும்போது முதலாளி
உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார்.
தேசபக்தியில் சாங்ஷா நகரத்தில்
இவ்வளவு லாபம் பார்த்தவர் வேறு யாருமில்லை.

ஐந்தாவது வெள்ளைக் கார்.
பின்புறம் ஒட்டியிருந்த தாளில்
"வண்டிதான் அந்நியம், மனசு சீனம்" என்று
மழலையர் பள்ளி ஆசிரியையின் உருண்டை எழுத்து.
அந்தத் தாளை எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை அதைப் படித்துவிட்டுத்தான் எறிந்தேன்.

எறியும்போது என்ன நினைத்தேன்?
ஆடுகள் மட்டும் வாழும் அந்தத் தீவையா?
இல்லை.
எங்கள் ஊர் நெற்களத்தில் ஒரே பிற்பகலில்
வரிசையாய் நிறுத்திச் சுடப்பட்ட
தாத்தாவின் மூன்று அண்ணன்களையா?
நினைத்தேன் என்று சொல்லத்தான் ஆசை.
முன்னால் நின்றவன் எறிந்தான்,
பின்னால் நின்றவள் கைதட்டினாள்,
வலது கையில் இருந்தது பறந்தது.
இடது கையில் இருந்தது மட்டும்
என்னோடு வீட்டுக்கு வந்தது.

திருமதி யாவ் பேரம் பேசவில்லை.
கலவரத்துக்குக் காப்பீடு கிடையாதாம்.
மூன்று தவணையாகத் தரலாமா என்று கேட்டாள்.
"இந்த வண்டி குவாங்சோவில் செய்தது.
என் சித்தப்பா மகன் தெங் குவேய்
அங்கேதான் கதவு மாட்டுகிறான்."
இதை ஏன் அவளிடம் சொன்னேன்?
"அதனால்தான் கதவை விட்டுவிட்டார்கள் போல" என்றாள்,
என் சட்டைப்பையைப் பார்த்தபடி.

பசையை இழுக்கும்போது உராபே ஞாபகம்.
மூன்று வருடத்துக்கு முன்
ஒசாகா கம்பெனி இரண்டு வாரத்துக்கு அனுப்பிய ஆள்.
என் வயது, என் தொந்தி.
எங்கள் மிளகாயில் கண்ணீர் வழிய வழிய
நூடுல்ஸ் யாருடையது, எழுத்து யாருடையது,
தேயிலையை முதலில் கொதிக்கவைத்தவன் எவன் என்று
பீரில் தொட்ட விரலால்
மேசையில் எழுதி எழுதிச் சண்டை போட்டோம்.
எல்லாம் எங்களிடம் இரவல் வாங்கியது என்று எழுதினேன்.
வாங்கியதைத் துடைத்துப் பத்திரமாய் வைத்திருக்கிறோம்,
கோடுகளைக் குறைத்து மொட்டையடித்தது நீங்கள் என்று எழுதினான்.
அன்றைக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை.
இன்றைக்கும்தான்.

பர்ஸில் ஒரு சிறுமியின் படத்தைக் காட்டி
ஓர் எழுத்தை எழுதினான்.
எங்களுக்கு அது அம்மா.
அவர்களுக்கு மகளாம்.
உன் அம்மாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதே என்று நான் எழுத,
கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தோம்.
அவன் தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்று
நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
பீர் காய்ந்ததும் மேசை வெறும் மேசை.

கிளம்பும் நாளில் ஒரு பிளாஸ்க் தந்தான்.
எட்டு மணி நேரம் சூடு நிற்கும் என்று
கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான்.
பட்டறையில் யாரும் மாற்றி எடுத்துவிடக்கூடாதென்று
ஷியூச்சின் அதன் அடியில் ஆணியால் கீறினாள்.

நேற்றிரவு அவனிடமிருந்து செய்தி:
"நலமா? டிவியில் உங்கள் தெருவைக் காட்டினார்கள்."
தெருவை மட்டுமா?
பதில் எழுதுவதும் அழிப்பதுமாக
இரண்டு மணி ஆயிற்று.

கண்ணாடி உட்கார்ந்துவிட்டது.
ஒரு நாள் முழுக்கக் கதவை அறைந்து சாத்தவேண்டாம் என்றேன்.
தலையாட்டிவிட்டு, குனிந்து
இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.
"வைப்பரில் சிக்கிக் கிடந்தது. நல்ல எஃகு,
நசுங்கக்கூட இல்லை. மூடிதான் காணோம்."
திருப்பிப் பார்த்தேன், தெரியாதவனைப் போல.
அடியில், ஆணிக்கீறலில்,
என் சட்டைப்பையில் தைத்திருக்கும் அதே எழுத்து:
தெங்.

முதல் தவணையை மேசைமேல் வைத்தாள்.
முதலாளி எண்ணினார்.
மறுபடியும் எண்ணினார்.

வீட்டில், சமையலறை ஜன்னலில்,
அந்த மூடியில் தண்ணீர் ஊற்றி
ஷியூச்சின் ஒரு பூண்டுப்பல் வைத்திருக்கிறாள்.
எங்கிருந்து வந்த மூடி என்று
அவள் இன்னும் கேட்கவில்லை.